செல்போனை உளவு பார்க்கும் போலி டவர்! கண்டுபிடிப்பது எப்படி?

லண்டன் மாநகரம். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம்.

ஒரு கறுப்புக் கார் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டு இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரணக் கார்தான். அதை ஓட்டியவர் ஒரு சீன மாணவர்.

கார் போன வழியில் எல்லாம் ஓர் அதிசயம் நடந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களின் செல்போன்களுக்குச் செய்தி வந்து விழுந்தது. நம்பிக்கையான ஓர் அலுவலகம் அனுப்பியதுபோன்ற செய்தி! ஓர் இடத்தைத் தொடச்சொல்லி, சொந்த விவரங்களைக் கேட்கும் செய்தி!

அதை எந்த அலுவலகமும் அனுப்பவில்லை. எந்தச் செல்போன் கம்பெனியும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அனுப்பியது, அந்தக் காருக்குள் இருந்த ஒரு பெட்டி!

போலீசார் அவரைப் பிடித்தார்கள். வழக்கு நடந்தது. 2025 ஜூன் மாதம் அவருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. அவருடைய வலையில் விழ இருந்தவர்கள் ஒருவர், இருவர் அல்ல. பல்லாயிரம் பேர்!

அந்தப் பெட்டிதான் "போலி டவர்".

அது எப்படி வேலை செய்கிறது? அதை யார் யார் வைத்து இருக்கிறார்கள்? அதைக் கண்டுபிடிக்க முடியுமா? நம் வீட்டுச் செல்போனைக் காப்பாற்ற வழி உண்டா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உரத்த குரல்

"டவர் கிடைக்கவில்லை" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம்.

செல்போன் பேசுவது காற்றோடு அல்ல, டவரோடு. நீங்கள் பேசுவதை ரேடியோ அலையாக மாற்றிச் செல்போன் அனுப்புகிறது. பக்கத்தில் உள்ள டவர் அதை வாங்கிக்கொள்கிறது. பிறகு அது உரிய இடத்துக்குப் போய்ச் சேருகிறது.

சட்டைப் பையில் செல்போன் தூங்குவதுபோல் இருக்கும். ஆனால் அது தூங்குவது இல்லை. சுற்றிலும் உள்ள டவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த டவரின் குரல் நன்றாகக் கேட்கிறதோ, அதனிடம் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பஸ்சில் போகும்போது ஒரு டவரை விட்டு இன்னொரு டவருக்குத் தானாகவே தாவிக்கொண்டு போகும்.

சந்தையில் பத்துப் பேர் கூவி விற்கிறார்கள். யார் உரக்கக் கூவுகிறாரோ, அவர் பக்கம் நம் தலை திரும்புகிறது அல்லவா? அதேபோலத்தான் இதுவும்.

இந்தக் குணத்தைத்தான் மோசக்காரன் பயன்படுத்திக்கொள்கிறான்.

அவன் ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறான். அது உண்மையான டவரைப்போலவே பேசுகிறது. "நான்தான் உன் கம்பெனி டவர். என்னிடம் வா" என்று உரக்கக் கூவுகிறது. பக்கத்தில் இருப்பதால் அதன் குரல்தான் பெரிதாகக் கேட்கிறது.

பாவம், செல்போன்! நம்பிப் போய்விடுகிறது.

பதினைந்து இலக்க எண்

செல்போன் வந்ததும் டவர் கேட்கும் கேள்வி: "நீ யார்?"

அதற்குச் செல்போன் சொல்லும் பதில் உங்கள் பத்து இலக்க டெலிபோன் நம்பர் அல்ல. வேறு ஒரு நம்பர். அது சிம் கார்டுக்குள் ஒளிந்து இருக்கிறது. பொதுவாக 15 இலக்கம். அதற்கு "ஐ.எம்.எஸ்.ஐ." என்று பெயர். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 ஆகிய எண்கள் கொடுக்கப்பட்டு இருக்கின்றன.

உலகத்தில் ஒரு சிம்முக்கு உள்ள எண் இன்னொரு சிம்முக்கு இருக்காது. ஆகவே இந்த எண் தெரிந்தால், ஆள் தெரிந்த மாதிரிதான்.

உண்மையான டவர்கள் இந்த எண்ணை அடிக்கடி கேட்பது இல்லை. முதலில் ஒரு தடவை கேட்டுக்கொண்டு, செல்போனுக்கு ஒரு தற்காலிகப் பெயர் கொடுத்துவிடும். பிறகு அந்தப் புனைபெயரைச் சொல்லியே கூப்பிடும். யாராவது ஒட்டுக்கேட்டாலும் ஆள் தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

போலி டவரோ, எடுத்த எடுப்பில் உண்மைப் பெயரையே கேட்கும். செல்போனும் சொல்லிவிடும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போலியைப் பிடிக்க இதுவே உதவப்போகிறது.

கேட்க மறந்த கேள்வி

"எவனோ கூப்பிட்டால் செல்போன் போய்விடுமா? அதற்குப் புத்தி இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம்.

தவறு செல்போன் மீது இல்லை. அதை உண்டாக்கிய சட்டதிட்டத்தில் இருக்கிறது.

2ஜி என்று சொல்லப்படும் முறை, பின்லாந்து நாட்டில் தொடங்கியது. அந்த முறையில் முதல் தொலைபேசிப் பேச்சு நடந்தது, 1991-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. அதை வகுத்தவர்கள், திருட்டுச் செல்போனைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஆகவே ஒவ்வொரு செல்போனும் டவரிடம் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆனால் டவர் தன் அடையாளத்தைச் செல்போனிடம் நிரூபிக்க வேண்டும் என்று விதிக்கவில்லை.

வீட்டு வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நிற்கிறார். "ரேஷன் கார்டை எடு" என்கிறார். நாம் எடுத்துக் காட்டுகிறோம். "ஐயா, நீங்கள் யார்? உங்கள் அடையாளச் சீட்டு எங்கே?" என்று நாம் கேட்பது இல்லை. 2ஜி செல்போனின் நிலையும் அதுதான்.

அடுத்து 3ஜி வந்தது. அதில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இரண்டு பக்கமும் அடையாளம் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. 4ஜியிலும் அப்படியே. ஆனால் 4ஜியிலும், அடையாளம் காட்டும் முன்பே டவர் அந்த 15 இலக்க எண்ணைக் கேட்டால் செல்போன் சொல்லிவிடும். முழுமையான 5ஜி முறையில்தான் அந்த எண்ணைப் பூட்டி அனுப்ப வழி செய்தார்கள். பூட்டைத் திறக்கும் சாவி, சொந்தக் கம்பெனியிடம் மட்டுமே இருக்கும்.

அப்படியானால் கவலை தீர்ந்ததா?

இல்லை. புதிய செல்போன்களுக்கும் பழைய 2ஜி பாஷை தெரியும். போலி டவர் என்ன செய்கிறது? "இங்கே 4ஜி இல்லை, 5ஜி இல்லை; 2ஜிதான் இருக்கிறது" என்று சொல்லிச் செல்போனைக் கீழே இறக்கிவிடுகிறது. இறங்கியதும் பழைய ஓட்டை திறந்துகொள்கிறது!

என்ன செய்ய முடியும்?

போலி டவரால் முடிந்த காரியங்கள் இவை:

ஒன்று: அந்த வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்களைச் சேகரிக்கலாம். ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேருடைய எண்ணும் கிடைத்துவிடும்.

இரண்டு: ஒரு குறிப்பிட்ட செல்போன் எந்த வீட்டில் இருக்கிறது என்று நெருங்கிப்போய்க் கண்டுபிடிக்கலாம்.

மூன்று: 2ஜிக்கு இறக்கிவிட்டால், சாதாரணப் பேச்சை ஒட்டுக்கேட்கலாம். எஸ்.எம்.எஸ். செய்தியைப் படிக்கலாம்.

நான்கு: பொய்ச் செய்தி அனுப்பலாம். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பேங்கின் பெயரையே போடலாம்! பேங்கில் இருந்து முன்பு வந்த உண்மைச் செய்திகளின் கீழேயே அந்தப் பொய்ச் செய்தியும் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

முடியாததும் ஒன்று உண்டு. வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் போகும் செய்தி, அனுப்புகிறவர் செல்போனிலேயே பூட்டப்படுகிறது. பெறுகிறவர் செல்போனில்தான் திறக்கிறது. நடுவில் நிற்கும் போலி டவரால் அதைப் படிக்க முடியாது.

திருக்கை மீன்

இந்தப் பெட்டியை முதலில் செய்தவர்கள் திருடர்கள் அல்ல. திருடனைப் பிடிக்கிறவர்களுக்காகவே அது செய்யப்பட்டது!

1996-ம் ஆண்டில் ஜெர்மனியில் உள்ள ரோடே-ஷ்வார்ஸ் என்ற கம்பெனி இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற கம்பெனி செய்த கருவிக்கு "ஸ்டிங்ரே" என்று பெயர். ஸ்டிங்ரே என்றால் திருக்கை மீன். வாலில் முள் வைத்துக்கொண்டு, மணலில் ஓசைப்படாமல் பதுங்கிக் கிடக்குமே, அந்த மீன்! பொருத்தமான பெயர்தான்.

அமெரிக்கப் போலீசார் பல ஆண்டுகள் இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் மூச்சு விடவில்லை. கோர்ட்டுகளிலும் மறைத்தார்கள். கருவியைப் பற்றி வெளியே சொல்லமாட்டோம் என்று போலீஸ் இலாகாக்கள் எழுதிக்கொடுத்து இருந்தன.

அந்த இரகசியத்தை உடைத்தது யார்? ஒரு பத்திரிகைக்காரரா? வக்கீலா?

இல்லை. ஒரு கைதி!

சிறையில் ஆராய்ச்சி

அவன் பலே ஆசாமி. செத்துப்போனவர்களின் பெயரில் வருமான வரிக் கணக்கு அனுப்புவான். "அதிகமாகக் கட்டிவிட்டேன், திருப்பிக் கொடு" என்று எழுதுவான். இப்படிப் பல லட்சம் டாலர் சுருட்டினான்.

அவன் பெயர் பொய். விலாசம் பொய். அடையாள அட்டை பொய். கம்ப்யூட்டரை வெளி உலகத்தோடு இணைக்க ஒரு கம்பியில்லா அட்டை வைத்து இருந்தான். அதுவும் பொய்ப் பெயரில் வாங்கியது. தன்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தான்.

2008-ம் ஆண்டு கலிபோர்னியாவில் அவன் குடியிருந்த இடத்துக்கே போலீசார் வந்துவிட்டார்கள்!

சிறைக்குள் அவனுக்கு ஒரே யோசனை. "என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

அந்தக் கம்பியில்லா அட்டைதான் காட்டிக்கொடுத்து இருக்க வேண்டும் என்று ஊகித்தான். ஆனால் அது எந்த வீட்டுக்குள் இருக்கிறது என்று அத்தனை துல்லியமாகச் சொல்லும் கருவி எது? வக்கீல்களிடம் கேட்டான். அப்படி ஒரு கருவியை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அவன் விடவில்லை. சிறையில் உள்ள சட்டப் புத்தக சாலையில் உட்கார்ந்தான். வழக்குச் சம்பந்தமாக வந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஓர் அதிகாரியின் குறிப்பில் ஒரே ஒரு சொல் அகப்பட்டது. "ஸ்டிங்ரே"!

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, போலீஸ் இலாகாக்கள் சாமான் வாங்கிய காகிதங்களை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தான். கருவி என்ன, எப்படி வேலை செய்கிறது என்று முழுதும் எழுதினான். 2011-ம் ஆண்டில் அது பத்திரிகையில் வந்தது. நாடு முழுவதும் பரபரப்பு!

அவன் வழக்கில் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தள்ளவில்லை. ஆனால் 2014-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. அதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு, அவன் வெளியே வந்தான்.

திருடியது குற்றம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஒருவனைப் பிடிக்க வலை வீசும்போது, பக்கத்து வீட்டுக்காரர்களின் செல்போன்களும் அல்லவா வலையில் விழுகின்றன? அவர்கள் செய்த குற்றம் என்ன?

கோழி இறக்கை

மூடி திறந்ததும் பல விஷயங்கள் வெளியே வந்தன.

பால்டிமோர் நகரப் போலீசார் 2007-ம் ஆண்டு முதல் சுமார் 4,300 தடவை இந்தக் கருவியைப் பயன்படுத்தி இருந்தார்கள். 2015-ம் ஆண்டில் ஒரு துப்பறியும் அதிகாரியே இதைக் கோர்ட்டில் சொன்னார்.

அதே மேரிலாந்து மாகாணத்தில் அனாபொலிஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சாப்பாடு கொண்டுபோன ஒருவரிடம் யாரோ கோழி இறக்கைகளையும் ரொட்டிகளையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். மொத்த விலை 57 டாலருக்குள்தான். அந்தத் திருடனைத் தேடவும் இந்த உளவுக் கருவியை எடுத்து வந்தார்கள்!

கொலைகாரனைப் பிடிக்க இருக்கும் கருவி, கோழித் திருடனைத் தேடக் கிளம்பிவிட்டது.

பிறகுதான் கடிவாளம் விழுந்தது. 2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்க நீதி இலாகா ஓர் உத்தரவு போட்டது. தன் அதிகாரிகள் பொதுவாக நீதிபதியிடம் வாரண்டு வாங்கிய பிறகே கருவியைத் தொடலாம் என்று சொன்னது. வாஷிங்டன் மாகாணம் அதே ஆண்டில் சட்டமே செய்தது. 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் நீதிபதி வில்லியம் பாலி, வாரண்டு இல்லாமல் இந்தக் கருவியால் கிடைத்த சாட்சியம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

போலீசுக்குக் கருவி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையைக் கடத்தியவனைப் பிடிக்க அது உதவும் என்றால், நல்லதுதான். ஆனால் சாவி ஒருவர் கையிலும், அதைக் கவனிக்கும் கண் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். அதுதான் கோர்ட்டு சொன்ன நீதி.

திருடன் கைக்குப் போனது

கருவியை இரகசியமாக வைத்ததால் அது திருடன் கைக்குப் போகாமல் இருந்ததா? அதுவும் இல்லை.

2010-ம் ஆண்டில் லாஸ்வேகாஸ் நகரில் கம்ப்யூட்டர் நிபுணர்களின் மாநாடு நடந்தது. அங்கே ஒரு நிபுணர், சுமார் 1,500 டாலர் செலவில் தானே செய்த போலி டவரை மேடையில் இயக்கிக் காட்டினார். கூட்டத்தில் இருந்தவர்களின் செல்போன்கள் அதனிடம் போய் ஒட்டிக்கொண்டன! மக்கள் எச்சரிக்கை அடைய வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படிச் செய்தார்.

ஆனால் மோசக்காரர்களும் பாடம் படித்துக்கொண்டார்கள்.

2022-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. பாரீஸ் நகரம். ஒரு பெண் ஓட்டி வந்த காரைப் போலீசார் நிறுத்தினார்கள். உள்ளே ஒரு விசித்திரமான கருவி! "வெடிகுண்டோ!" என்று போலீசார் பயந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது, அது போலி டவர் என்று தெரிந்தது. மருத்துவ இன்ஷூரன்ஸ் அலுவலகம் அனுப்பியதுபோலச் செய்தி அனுப்பி, மக்களின் விவரங்களைப் பறிக்கும் கூட்டத்தின் வேலை அது.

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் பாங்காக் நகரில் ஒரு வேன் பிடிபட்டது. அதில் இருந்த கருவி மூன்று நாளில் ஏறக்குறைய பத்து லட்சம் செய்திகளை அனுப்பிவிட்டது! உங்கள் பரிசுப் புள்ளிகள் காலாவதி ஆகப்போகின்றன, உடனே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற மாதிரி ஆசை வார்த்தை. தொட்டவர்களிடம் பேங்க் கார்டு விவரம் கேட்கப்பட்டது. கொடுத்தவர்களின் கணக்கில் இருந்து பணம் பறந்தது!

நான்கு அடையாளங்கள்

சரி. போலி டவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

போலி எவ்வளவு நன்றாக நடித்தாலும் சில இடங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும். நிபுணர்கள் கவனிக்கும் அடையாளங்கள் இவை:

முதலாவது: அது ஊருக்குப் புதிது. உண்மை டவர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். போலியோ இன்று இங்கே இருக்கும். நாளை காணாமல் போய்விடும். சில சமயம் தெருவோடு நகர்ந்துகொண்டே போகும். நகருகிற டவர் எங்கேயாவது உண்டா?

இரண்டாவது: காரணம் இல்லாமல் 15 இலக்க எண்ணைக் கேட்கும். புனைபெயர் இருக்கும்போது உண்மைப் பெயர் எதற்கு?

மூன்றாவது: நல்ல 4ஜி உள்ள இடத்தில், செல்போனை 2ஜிக்குத் தள்ளும்.

நான்காவது: அண்டை அயல் இல்லை. உண்மை டவர், "என் பக்கத்தில் இன்ன இன்ன டவர்கள் இருக்கின்றன" என்று செல்போனுக்குச் சொல்லும். போலி சொல்லாது, அல்லது பொருந்தாமல் சொல்லும். வந்த செல்போன் தன்னை விட்டுப் போய்விடக்கூடாதே!

வாடகைக் காரில் வேட்டை

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முதல் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஊரில் உள்ள எல்லா டவர்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால், புதிதாக வந்தவன் தானாகத் தெரிவான் அல்லவா?" என்பது அவர்கள் யோசனை.

அதற்கு ஊர் முழுவதும் சுற்ற வேண்டும். யார் சுற்றுகிறார்கள்? வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள்! சியாட்டில், மில்வாக்கி ஆகிய இரண்டு நகரங்களில் 15 கார்களில் சிறு பெட்டிகளை வைத்தார்கள். கார் போகும் வழியில் உள்ள டவர்களின் பேச்சை அந்தப் பெட்டிகள் பதிவு செய்தன. இரண்டு மாதம் இப்படி நடந்தது. 2017-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

ஏராளமான பதிவுகளில் சில மட்டும் விநோதமாக இருந்தன. குடியேற்ற அலுவலகம் ஒன்றின் அருகே ஒரு டவர் ஆறு வெவ்வேறு அலைவரிசைகளில் பேசியது. மற்ற டவர்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில்தான் பேசின. சியாட்டில் விமான நிலையத்தின் அருகிலும் ஒரு விசித்திரம் தென்பட்டது.

அவை போலிதானா? "சந்தேகத்துக்கு இடம் உண்டு; ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்பதே ஆராய்ச்சியாளர்களின் முடிவு.

அவசரப்படக்கூடாது

இந்த அடக்கம் நல்லது. ஏன் தெரியுமா?

2014-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நார்வே நாட்டில் "அப்டன்போஸ்டன்" என்ற பத்திரிகை ஒரு பெரிய செய்தி போட்டது. அதன் நிருபர்கள் விசேஷச் செல்போனுடன் தலைநகர் ஆஸ்லோவைச் சுற்றினார்கள். பார்லிமெண்டு அருகிலும், பிரதம மந்திரி அலுவலகம் அருகிலும் போலி டவரின் அடையாளம் தெரிந்ததாக எழுதினார்கள். நாடே அதிர்ந்தது.

நாட்டின் பாதுகாப்புப் போலீசார் ஆராய்ந்தார்கள். 2015-ம் ஆண்டில் அவர்கள் சொன்ன முடிவு: "போலி டவர் இருந்ததற்கு ஆதாரம் இல்லை!"

ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு ஒருவர் "உளவாளி" என்கிறார். இன்னொருவர் "சாதாரண டவர்" என்கிறார். கம்பெனிக்காரர்கள் டவரைப் பழுது பார்த்தாலும், புதிய டவர் வைத்தாலும், திருவிழாக் கூட்டத்துக்காகத் தற்காலிக டவரை வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினாலும் இதே அடையாளங்கள் தெரியலாம்.

"போலி டவரைக் காட்டிக்கொடுப்போம்" என்று சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. 2017-ம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அவற்றில் ஐந்தைச் சோதித்தார்கள். ஐந்தையும் ஏமாற்ற முடிந்தது! டவர் பேசும் பேச்சின் உள்விவரங்களைச் செல்போனின் ரேடியோப் பகுதி தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அவை செயலிகளுக்கு முழுவதும் எட்டுவது இல்லை. அதுதான் காரணம்.

பச்சைக் கோடு, சிவப்புக் கோடு

இப்போது ஒரு புதிய வழி வந்து இருக்கிறது.

அமெரிக்காவில் எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்ற சங்கம் இருக்கிறது. மக்களின் உரிமைக்காக வாதாடும் சங்கம். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அது "ரேஹன்டர்" என்ற மென்பொருளை வெளியிட்டது. திருக்கையை வேட்டையாடுகிறவன் என்று பொருள் கொள்ளலாம்!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய இன்டர்நெட் பெட்டியில் அதைப் போட்டுவிட வேண்டும். வெளியான சமயத்தில் பெட்டியின் விலை சுமார் 20 டாலர்தான். மென்பொருள் இலவசம். அந்தப் பெட்டி, டவர் பேசும் பேச்சை உள்ளே இருந்தே கவனிக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் திரையில் பச்சைக் கோடு. டவர் 2ஜிக்கு இறங்கச் சொன்னாலோ, சந்தேகப்படும்படி எண்ணைக் கேட்டாலோ கோடு சிவப்பாக மாறும்!

சிவப்பு வந்தால் "உளவாளி இருக்கிறான்" என்று அர்த்தம் இல்லை. "விசாரித்துப் பார்" என்று அர்த்தம்.

15 கார்களும் ஆராய்ச்சியாளர் கூட்டமும் செய்த வேலையில் ஒரு பங்கை, 20 டாலர் பெட்டி செய்கிறது. அதுவே பெரிய காரியம்.

நாம் செய்ய வேண்டியது

நம்மைப்போன்ற குடும்பத்தினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவர் வேட்டைக்குப் போக முடியுமா? முடியாது. போகவும் வேண்டாம். வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

2ஜியை மூடுங்கள்: பல ஆண்ட்ராய்டு செல்போன்களில், செட்டிங்ஸ் பகுதியில் சிம் பற்றிய இடத்துக்குப் போனால், 2ஜியை அனுமதிப்பதா, வேண்டாமா என்று கேட்கும் ஒரு சுவிட்சு இருக்கும். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு. எல்லாச் செல்போன்களிலும் இருக்காது. அதை மூடிவிட்டால், கீழே இறக்கும் தந்திரம் பலிக்காது. அவசர உதவிக்குப் பேசுவது நிற்காது. ஐபோன் வைத்து இருப்பவர்களுக்கு "லாக்டவுன் மோட்" என்ற ஏற்பாடு இருக்கிறது. அதுவும் 2ஜியைத் தடுக்கும். ஆனால் வேறு சில வசதிகளையும் நிறுத்திவிடும்.

ஓர் எச்சரிக்கை: உங்கள் ஊரில் 2ஜி மட்டும்தான் கிடைக்கிறது என்றால், சுவிட்சை மூடினால் பேச்சே நின்றுபோகும். பார்த்துச் செய்யுங்கள்.

பெயரை நம்பாதீர்கள்: செய்தியின் மேலே பேங்கின் பெயர் இருக்கிறது என்பதற்காக அதை நம்ப வேண்டாம். பழைய செய்திகளோடு சேர்ந்து வந்தாலும் நம்ப வேண்டாம். பெயரை எவனும் போடலாம்.

செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள்: சந்தேகம் இருந்தால், பாஸ் புத்தகத்திலோ, பேங்க் கார்டின் பின்புறத்திலோ உள்ள நம்பருக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். கடவு எண்ணையும், பேங்க் அனுப்பும் இரகசிய எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரகசியமான பேச்சா? சாதாரண எஸ்.எம்.எஸ். வேண்டாம். பூட்டி அனுப்பும் வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். இந்தியா முழுவதற்கும் உரிய மோசடிப் புகார் நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

திரையின் மூலையில்

கடைசியாக ஒரு விஷயம்.

செல்போன் திரையின் மேல் மூலையைப் பாருங்கள். "4ஜி" என்றோ "5ஜி" என்றோ இருக்கும். சில சமயம் அது மாறி "2ஜி" என்றோ, ஆங்கில "இ" எழுத்தோ தெரியும். அதைக் கண்டதும் "ஐயோ, உளவாளி!" என்று அலறவேண்டாம். லிப்டுக்குள் போனாலும் அப்படி ஆகும். மலைப் பாதையில் போனாலும் ஆகும்.

ஆனால் எப்போதும் 4ஜி இருக்கும் உங்கள் வீட்டு வாசலிலேயே அது திடீரென்று மாறுகிறது. மாறிய அடுத்த நிமிஷம் பரிசு விழுந்ததாக ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது செய்தியைத் தொடாதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு குரல் கொடுங்கள். போலி டவர் உங்கள் வீட்டை மட்டும் தேடி வருவது இல்லை. வந்தால், தெருவுக்கே வரும்!